ஆவர்த்தன அட்டவணையை வாசிப்பது எப்படி? மலையக உயர்தர மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர இரசாயனவியலின் முதலாம் வினாத்தாளுடன் ஆவர்த்தன அட்டவணை ஒன்றும் சேர்த்தே தரப்படுகிறது. ஆகவே மூலகங்களின் வரிசை உங்களுக்கு மனப்பாடமா என்பது பரீட்சகரின் கேள்வி அன்று. அட்டவணையைப் பார்த்து இரண்டு மூலகங்களில் எதன் அணு பெரிது, எது இலத்திரனை எளிதில் இழக்கும், எதன் ஒட்சைட்டு மூல இயல்புடையது என்று சொல்லவும், சொன்னதற்குக் காரணம் எழுதவும் உங்களால் முடிகிறதா என்பதே கேள்வி. மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு என்பதாலும், இருக்கும் பாடசாலைகளிலும் இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத காலங்கள் நீளுவதாலும், பல மாணவர்கள் அண்ணன்மார், அக்காமார் விட்டுச்சென்ற குறிப்புக் கொப்பிகளை வைத்தே படிக்கிறார்கள். அந்தக் கொப்பிகளில் இப்பாடம் பெரும்பாலும் ஒரு பெட்டியும் சில அம்புக்குறிகளுமாகச் சுருங்கிவிடுகிறது: வலப்பக்கம் கூடும், கீழ்நோக்கிக் குறையும். அம்புக்குறி போக்கைக் காட்டுமே தவிரக் காரணத்தைக் காட்டாது. விதிவிலக்கு வரும் இடத்தில் அது பொய்யாகிவிடும். புள்ளிகள் போவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வெற்றுக் கட்டங்களில் தொடங்குங்கள்

சதுரக் கோடுள்ள கொப்பியில் 18 கட்டங்கள் அகலமாக ஒரு சட்டகம் வரைந்து, ஐதரசன் முதல் கல்சியம் வரையான 20 மூலகங்களைப் பார்க்காமல் நிரப்புங்கள். 2 ஆம் கூட்டத்துக்கும் 13 ஆம் கூட்டத்துக்கும் (கூட்டம் என்பது நிலைக்குத்து நிரல்) இடையில் பத்துக் கட்டங்களைக் கட்டாயம் வெறுமையாக விடுங்கள். அந்த இடைவெளியை விடாமல் வரையும் மாணவர், நான்காம் ஆவர்த்தனத்தில், அதாவது நான்காம் கிடை வரிசையில், கல்சியத்துக்கு அடுத்து கலியம் வருகிறது என்று எண்ணிக்கொள்வார். இடையில் ஸ்கண்டியம் முதல் நாகம் வரை பத்து மூலகங்கள் இருப்பதை மறந்துவிடுவார். வெற்றுக் கட்டம் விடுவதற்கு இத்துறையில் நல்ல முன்னோடி உண்டு. 1869 இல் மென்டலீவ் தம் அட்டவணையில் அதுவரை கண்டுபிடிக்கப்படாத மூலகங்களுக்கு இடம் விட்டார். 1875 இல் கலியமும் 1886 இல் ஜேர்மானியமும் கண்டுபிடிக்கப்பட்டு அவ்விடங்களில் அமர்ந்தன. தெலூரியத்தின் அணுத்திணிவு அயடீனுடையதைவிடக் கூடுதலாக இருந்தும், இயல்புகளைப் பார்த்து அவர் தெலூரியத்தை முன்னே வைத்தார். அதற்கான காரணம், 1913 இல் மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் அணு எண்ணே வரிசையைத் தீர்மானிக்கிறது என்று காட்டிய பின்னரே விளங்கிற்று.

கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள்

எந்த இரு அணுக்களை ஒப்பிடுவதானாலும் முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வெளியோட்டு இலத்திரனை இழுக்கும் பயன்படு கருவேற்றம், அதாவது மற்ற இலத்திரன்கள் திரையிடுவது போக எஞ்சும் கருவேற்றம், எவ்வளவு? அந்த இலத்திரன் எத்தனையாவது ஓட்டில், அதாவது கருவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் பெரும்பாலான போக்குகளை நீங்களே வருவித்துக்கொள்ளலாம்.

ஓர் ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது ஒவ்வொரு படியிலும் கருவில் ஒரு புரோத்தன் கூடுகிறது. சேரும் இலத்திரனோ அதே ஓட்டுக்குள் செல்கிறது. ஒரே ஓட்டிலுள்ள இலத்திரன்கள் ஒன்றையொன்று மிகக் குறைவாகவே திரையிடுவதால், பயன்படு கருவேற்றம் கூடிக்கொண்டே போகிறது. இத்திரையிடலை மதிப்பிடும் ஸ்லேற்றரின் விதிகளின்படி கணித்தால் சோடியத்தின் வெளி இலத்திரன் உணரும் பயன்படு கருவேற்றம் 2.2, குளோரீனில் அது 6.1. கூட்டத்தில் கீழ்நோக்கிச் செல்லும்போது நிலைமை வேறு. சோடியத்தில் 11 புரோத்தன்கள், பொற்றாசியத்தில் 19. எட்டுப் புரோத்தன்கள் கூடியும் பொற்றாசியத்தின் வெளி இலத்திரன் ஏன் இறுக்கமாகப் பிடிக்கப்படவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். கூடிய எட்டுப் புரோத்தன்களோடு உள்ளோடுகளில் எட்டு இலத்திரன்களும் கூடியிருக்கின்றன. அதே விதிகளின்படி பொற்றாசியத்துக்கும் 2.2 தான் கிடைக்கிறது. இழுவை மாறவில்லை, தூரம் கூடிவிட்டது. எனவே முதலாம் அயனாக்கற் சக்தி, அதாவது வாயு நிலை அணுவிலிருந்து முதல் இலத்திரனை அகற்றத் தேவையான சக்தி, சோடியத்தில் மூலுக்கு 496 கிலோயூலாகவும் பொற்றாசியத்தில் 419 கிலோயூலாகவும் இருக்கிறது.

அணு ஆரைக்கும் இதே விளக்கம் போதும்: ஆவர்த்தனம் வழியே குறையும், கூட்டம் வழியே கூடும். இரண்டு பொறிகளை மட்டும் கவனியுங்கள். முதலாவது விழுமிய வாயுக்கள். குளோரீனுக்கு 99 பிக்கோமீற்றரும் ஆகனுக்கு 188 பிக்கோமீற்றரும் தரப்பட்டிருப்பதைப் பார்த்து, ஆகனில் அணு திடீரென வீங்குகிறது என்று எழுதக்கூடாது. குளோரீனுக்குரியது பங்கீட்டுவலு ஆரை, அதாவது பிணைந்த இரு அணுக்களின் கருக்களுக்கு இடையிலான தூரத்தின் பாதி. பிணைப்பு உருவாக்காத ஆகனுக்குத் தரப்படுவது வந்தர்வாலின் ஆரை, அதாவது பிணையாமல் அருகருகே இருக்கும் அணுக்களின் கருக்களுக்கு இடையிலான தூரத்தின் பாதி. அளவுகோல்களே வேறாக இருக்கும்போது ஒப்பீட்டுக்கு இடமில்லை. இரண்டாவது, சம இலத்திரன் எண்ணிக்கை கொண்ட அயன்கள். ஒட்சைட்டு, புளோரைட்டு, சோடியம், மகனீசியம், அலுமினியம் ஆகியவற்றின் அயன்கள் அனைத்திலும் பத்து இலத்திரன்களே உள்ளன. அவற்றின் ஆரைகள் முறையே 140, 133, 102, 72, 53.5 பிக்கோமீற்றர். ஒரே எண்ணிக்கையான இலத்திரன்களை எட்டுப் புரோத்தன்கள் இழுப்பதற்கும் 13 புரோத்தன்கள் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதன் விளைவை நுவரெலியாவின் வீட்டு முற்றங்களிலேயே காணலாம். மூன்று நேரேற்றங்களை இவ்வளவு சிறிய பருமனுக்குள் வைத்திருக்கும் அலுமினியம் அயன், தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளின் இலத்திரன்களைத் தன்பால் இழுத்து அவற்றிலிருந்து ஐதரசன் அயனை வெளியேறச் செய்கிறது. அதனால் அலுமினியம் உப்புக் கரைசல்கள் அமிலத்தன்மையுடையன. மறுதலையாக, அமில மண்ணில்தான் அலுமினியம் கரைந்த நிலையில் இருக்கும். ஹைட்றேஞ்சியாப் பூ அமில மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பு சேர்த்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூப்பது, செடிக்கு அலுமினியம் கிடைக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. தேயிலைச் செடியும் அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கும் இயல்புடையது.

அயனாக்கற் சக்தி: நின்று பார்க்க வேண்டிய இடம்

மூன்றாம் ஆவர்த்தனத்தின் முதலாம் அயனாக்கற் சக்திகளைக் கொப்பியில் ஒரு வரைபாகக் குறியுங்கள். சோடியம் 496, மகனீசியம் 738, அலுமினியம் 578, சிலிக்கன் 786, பொசுபரசு 1012, கந்தகம் 1000, குளோரீன் 1251, ஆகன் 1521. எல்லாம் மூலுக்குக் கிலோயூலில். பொதுவாக ஏறிச் செல்லும் கோடு அலுமினியத்திலும் கந்தகத்திலும் இறங்குகிறது. இரண்டாம் ஆவர்த்தனத்தில் இதே இறக்கங்கள் போரனிலும் ஒட்சிசனிலும் வருகின்றன: பெரிலியம் 899, போரன் 801, நைதரசன் 1402, ஒட்சிசன் 1314. இந்த இரு இறக்கங்களைக் கேட்காத பரீட்சை அரிது.

முதல் இறக்கத்துக்குக் காரணம், ஓட்டின் உட்பிரிவான உபசக்தி மட்டம் மாறுவது. மகனீசியம் இழப்பது 3எஸ் இலத்திரன். அலுமினியம் இழப்பது 3பீ இலத்திரன். இரண்டாவது இறக்கத்துக்குக் காரணம் சோடி சேர்வது. பொசுபரசில் மூன்று 3பீ ஓபிற்றல்களிலும் ஒவ்வோர் இலத்திரன் தனியே இருக்கிறது. கந்தகத்தின் நான்காவது இலத்திரன் ஏற்கெனவே ஆள் இருக்கும் ஓபிற்றலுக்குள் புகவேண்டியிருக்கிறது. லயத்தில் ஒரே காம்பிராவில் இரண்டு குடும்பங்கள் இருக்க நேர்ந்தால் ஒன்று எப்போது வெளியேறலாம் என்று பார்த்திருப்பதைப் போல, தள்ளுகைக்கு உள்ளான அந்த இலத்திரன் குறைந்த சக்தியுடனேயே வெளியேறிவிடுகிறது. "பொசுபரசு அரைநிரம்பியது, ஆகவே உறுதியானது" என்று மட்டும் எழுதி நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அது நிலைமைக்கு ஒரு பெயர் சூட்டுகிறதே தவிர, இலத்திரன் ஏன் எளிதில் போகிறது என்பதைச் சொல்வதில்லை.

விடை எழுதும் முறையையும் பழகிக்கொள்ள வேண்டும். அலுமினியத்தின் முதலாம் அயனாக்கற் சக்தி மகனீசியத்தினதைவிடக் குறைவாக இருப்பது ஏன் என்று கேட்டால், இவ்வாறு எழுதலாம்: "மகனீசியத்திலிருந்து அகற்றப்படுவது 3எஸ் இலத்திரன், அலுமினியத்திலிருந்து அகற்றப்படுவது 3பீ இலத்திரன். 3பீ உபசக்தி மட்டம் 3எஸ் மட்டத்தைவிடச் சக்தி கூடியது. அத்துடன் 3எஸ் இலத்திரன்களால் ஓரளவு திரையிடப்படுகிறது. எனவே அலுமினியத்தின் கருவேற்றம் கூடியதாக இருந்தபோதிலும் அதன் வெளி இலத்திரனை அகற்றக் குறைந்த சக்தியே தேவைப்படுகிறது." இதில் இரு மூலகங்களின் பெயரும் வருகிறது, அகற்றப்படும் இலத்திரன் எது என்பது வருகிறது, எதிராக நிற்கும் காரணியான கருவேற்றமும் மறைக்கப்படாமல் சொல்லப்படுகிறது. ஒரு மூலகத்தை மட்டும் விவரித்துவிட்டு மற்றதை வாசிப்பவரின் ஊகத்துக்கு விட்டால் அது ஒப்பீடு ஆகாது.

இரண்டாம் அயனாக்கற் சக்தியைக் கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: ஓர் இலத்திரனை எடுத்துவிட்ட பின் எஞ்சும் அயனின் இலத்திரன் நிலையமைப்பை எழுதுங்கள், முழுப் போக்கும் ஒரு கட்டம் வலப்பக்கமாக நகர்ந்திருப்பது தெரியும். சோடியம் அயனுக்கு நேயனின் அமைப்பு. ஆகவே மூன்றாம் ஆவர்த்தனத்தில் இரண்டாம் அயனாக்கற் சக்தி அதிகூடியது சோடியத்துக்கே, 4562 கிலோயூல். மகனீசியத்தின் 1451 கிலோயூலைவிட அலுமினியத்தின் 1817 கூடியது. சிலிக்கனில் அது மீண்டும் 1577 ஆக இறங்குகிறது. முதலாம் சக்தியில் மகனீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையே கண்ட இறக்கம் இப்போது அலுமினியத்துக்கும் சிலிக்கனுக்கும் இடையே வந்திருக்கிறது.

அடுத்தடுத்த அயனாக்கற் சக்திகளைத் தந்து கூட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாவில், பாய்ச்சல் எங்கே நிகழ்கிறது என்று மட்டும் பாருங்கள். 578, 1817, 2745, 11577 என்று தரப்பட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் பாய்ச்சல். வலுவளவு இலத்திரன்கள் மூன்று. மூலகம் 13 ஆம் கூட்டத்தைச் சேர்ந்தது. எண்கள் கூடிக்கொண்டே போவது எல்லா மூலகங்களுக்கும் பொது. எத்தனை மடங்காகக் கூடுகின்றன என்பதே துப்பு.

பிணைப்பிலுள்ள இலத்திரன்களை அணு தன்பால் இழுக்கும் திறனான மின்னெதிர்த்தன்மையில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. போலிங் அளவிடையில் புளோரீன் 3.98, ஒட்சிசன் 3.44, குளோரீன் 3.16, நைதரசன் 3.04 என்ற நான்கையும் நினைவில் வைத்திருந்தால் பெரும்பாலான வினாக்களுக்குப் போதும். இலத்திரன் நாட்டத்தில் மட்டும் ஒரு வியப்பு உண்டு. இலத்திரனை ஏற்கும்போது குளோரீன் வெளியிடும் சக்தி மூலுக்கு 349 கிலோயூல். புளோரீனோ 328 தான். புளோரீனின் சிறிய ஓட்டுக்குள் ஏற்கெனவே நெருங்கியிருக்கும் ஏழு இலத்திரன்கள் புதிதாக வருவதைத் தள்ளுகின்றன.

மூன்றாம் ஆவர்த்தனத்தின் உருகுநிலையும் ஒட்சைட்டுகளும்

உருகுநிலைக்கு வரும்போது மேலே சொன்ன இரண்டு கேள்விகள் போதாது. கட்டமைப்பைக் கேட்க வேண்டும். சோடியம் 98, மகனீசியம் 650, அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகுவது உலோகப் பிணைப்பைப் பொறுத்தது. சிலிக்கன் 1414 பாகை வரை தாங்குவது அதன் இராட்சதப் பங்கீட்டுவலுச் சாலகத்தால். அதன்பின் வருபவை தனி மூலக்கூறுகள்: வெண்பொசுபரசு 44, கந்தகம் 115, குளோரீன் மறை 101, ஆகன் மறை 189. கந்தகம் பொசுபரசைவிட உயர்ந்து நிற்பது, அதன் மூலக்கூறில் எட்டு அணுக்களும் பொசுபரசின் மூலக்கூறில் நான்கும் இருப்பதால். கந்தகத்திலிருந்து குளோரீனுக்கு இறங்கும்போது உடைவது மூலக்கூற்றிடைக் கவர்ச்சியே. பங்கீட்டுவலுப் பிணைப்பு உடைகிறது என்று எழுதினால் விடை முழுவதும் கெட்டுவிடும்.

ஒட்சைட்டுகளில் மூல இயல்பிலிருந்து அமில இயல்புக்கு மாறும் வரிசை தெளிவானது. சோடியம் ஒட்சைட்டு வன்மூலம். மகனீசியம் ஒட்சைட்டு மென்மூலம். அலுமினியம் ஒட்சைட்டு அமிலத்துடனும் காரத்துடனும் தாக்கமுறும் ஈரியல்புடையது. சிலிக்கனீரொட்சைட்டு மிக மெல்லிய அமில இயல்புடையது, நீரில் கரையாது. பொசுபரசு, கந்தகம், குளோரீன் ஆகியவற்றின் உயர் ஒட்சைட்டுகள் நீருடன் சேர்ந்து முறையே வன்மை கூடும் அமிலங்களைத் தருகின்றன.

உரச் சாக்குக்கு முன்னால் நின்று 1 ஆம், 2 ஆம் கூட்டங்கள்

எஸ் தொகுப்பின் இரசாயனத்துக்குத் தோட்டத்து உரக் களஞ்சியத்தைவிட நல்ல ஆய்வுகூடம் மலையகத்தில் கிடைப்பது கடினம். அங்கே இருக்கும் மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் என்பது பொற்றாசியம் குளோரைட்டு. சில சாக்குகளில் அது செந்நிறமாக இருப்பது பொற்றாசியத்தால் அன்று. பொற்றாசியம் அயனுக்கு நிறமில்லை, கலந்திருக்கும் இரும்பொட்சைட்டே அந்நிறத்தைத் தருகிறது. மற்றொரு சாக்கில் இருக்கும் வெண்ணிற டொலமைற்று, மாத்தளைப் பக்கத்திலும் கண்டிக்கு அருகே திகனயிலும் தோண்டப்படும் கல்சியம் மகனீசியம் காபனேற்று. பொட்டாஷ் ஒரு மழைக்கே கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும்; டொலமைற்றுத் தூளோ மண்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். 1 ஆம் கூட்ட உப்புகள் ஏறக்குறைய எல்லாமே நீரில் கரைபவை என்பதும், 2 ஆம் கூட்டக் காபனேற்றுகள் கரையாதவை என்பதும் இந்த இரண்டு சாக்குகளிலேயே அடங்கியிருக்கின்றன.

டொலமைற்று ஏன் போடப்படுகிறது? தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை. யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது ஐதரசன் அயன்கள் வெளிவந்து அப்பெறுமானம் மேலும் இறங்குகிறது. காபனேற்று அந்த அமிலத்தை நடுநிலையாக்கிக் காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. கவ்வாத்துக் காலத்தை ஒட்டி டொலமைற்று இடப்படுவதன் இரசாயனம் இவ்வளவே. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையின் பாறைப் பொசுபேற்று நீரில் கரையாதது. இருந்தும் தேயிலைக்கு நேரடியாக இடப்படுவதற்குக் காரணம், அமில மண் அதை மெல்லக் கரைத்துக்கொடுக்கும் என்பதே.

2 ஆம் கூட்டத்தில் கீழ்நோக்கிச் செல்லும்போது ஐதரொட்சைட்டுகளின் கரைதிறன் கூடுகிறது, சல்பேற்றுகளின் கரைதிறன் குறைகிறது, காபனேற்றுகளின் வெப்ப உறுதி கூடுகிறது. மூன்றாவதற்கான காரணத்தை மட்டும் விரிவாகப் படித்துக்கொள்ளுங்கள். சிறிய மகனீசியம் அயனின் முனைவாக்கும் வலு பெரிது. அது காபனேற்று அயனின் இலத்திரன் முகிலை உருக்குலைத்து காபன்–ஒட்சிசன் பிணைப்பைப் பலவீனமாக்குவதால் மகனீசியம் காபனேற்று குறைந்த வெப்பநிலையிலேயே பிரிகையடைகிறது. பேரியம் அயன் பெரிது. அதன் காபனேற்றைப் பிரிக்க மிக உயர்ந்த வெப்பநிலை தேவை. இதே வாதம் 1 ஆம் கூட்டத்துக்கும் பொருந்தும். இலிதியம் நைத்திரேற்று 2 ஆம் கூட்ட நைத்திரேற்றுகளைப் போல ஒட்சைட்டு வரை பிரிகிறது; சோடியம், பொற்றாசியம் நைத்திரேற்றுகள் ஒட்சிசனை விட்டு நைத்திரைற்றோடு நின்றுவிடுகின்றன. 1 ஆம் கூட்டத்தில் நைதரசன் வாயுவுடன் நேரடியாகச் சேரும் ஒரே மூலகம் இலிதியமே என்பதையும் சேர்த்தால், அது தன் கீழ்வீட்டுச் சோடியத்தைவிட மூலைவிட்டத்தில் இருக்கும் மகனீசியத்தையே ஒத்திருப்பது புலப்படும். பொதுவாகவே கூட்டத்தின் முதல் மூலகத்தைச் சற்றுச் சந்தேகத்துடன் அணுகுவது நல்லது.

சுவாலை நிறங்களில் சோடியத்தின் மஞ்சளை அடுப்பில் உப்புநீர் தெறிக்கும்போதே பார்த்திருப்பீர்கள். இலிதியம் கருஞ்சிவப்பு, பொற்றாசியம் இளம் ஊதா, கல்சியம் செங்கட்டிச் சிவப்பு, பேரியம் அப்பிள் பச்சை. மகனீசியம் நிறம் தராது.

அலசன்களும் தாண்டல் மூலகங்களும்

17 ஆம் கூட்டத்து அலசன்களின் கொதிநிலை கீழ்நோக்கிக் கூடுகிறது: புளோரீன் மறை 188, குளோரீன் மறை 34, புரோமீன் 59, அயடீன் 184 பாகை. ஒட்சியேற்றும் வலு கீழ்நோக்கிக் குறைகிறது. எனவே குளோரீன் நீரைப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலில் சேர்த்தால் அயடீன் விடுபட்டுக் கரைசல் கபிலமாகிறது. இங்கும் முதல் மூலகமே முரண்டு பிடிக்கிறது. குளோரீன் மூலக்கூறின் பிணைப்புச் சக்தி 242 கிலோயூல், புரோமீனுக்கு 193, அயடீனுக்கு 151. இப்போக்குப்படி புளோரீனுக்கு மிகக் கூடிய பெறுமானம் இருக்கவேண்டும், ஆனால் இருப்பதோ 158. இரு சிறிய அணுக்களின் தனிச்சோடி இலத்திரன்கள் நெருங்கி ஒன்றையொன்று தள்ளுவதே காரணம். ஐதரசன் புளோரைட்டு ஐதரசன் பிணைப்பால் 19.5 பாகையில் கொதிக்க, ஐதரசன் குளோரைட்டு மறை 85 பாகையிலேயே வாயுவாகிவிடுகிறது.

தாண்டல் மூலகங்களில் நிறம் பற்றிய வினாவை இரண்டு பொருள்களால் விளங்கிக்கொள்ளலாம். மயில்துத்தம் எனப்படும் செம்புச் சல்பேற்று நீலம். தேயிலைக்கு இலைவழியாகத் தெளிக்கப்படும் நாகச் சல்பேற்றின் கரைசல் நிறமற்றது. செம்பு அயனின் 3டீ உபசக்தி மட்டத்தில் ஒன்பது இலத்திரன்கள் உள்ளன. ஓர் இடம் காலியாக இருப்பதால், பிளவுபட்ட டீ ஓபிற்றல்களுக்கிடையே இலத்திரன் ஒளியை உறிஞ்சித் தாவ முடியும். நாக அயனில் பத்தும் நிரம்பியுள்ளன, தாவ இடமில்லை. ஸ்கண்டியத்தின் மூன்றேற்ற அயன் நிறமற்றதாக இருப்பதற்குக் காரணம் இதற்கு நேர்மாறானது: அங்கே தாவுவதற்கு டீ இலத்திரனே இல்லை. நிலையமைப்பை எழுதும்போது இலத்திரன்களை முதலில் 4எஸ் மட்டத்திலிருந்தும் பின்னரே 3டீ மட்டத்திலிருந்தும் அகற்ற வேண்டும். மாற்றி அகற்றினால் நாக அயனில் எட்டு 3டீ இலத்திரன்களே எஞ்சும், நிறமற்ற கரைசலுக்கு நீங்கள் ஒரு நிறத்தை வருவித்துவிடுவீர்கள்.